பேர்பெச்சுவா அக்காவின் பொழுதுபோக்கு

பேர்பெச்சுவா சமைக்க வந்தால் வீட்டுக்காரிக்கே அடுப்படியில் இடமில்லை. பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மை, கலியாணம், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள், எதுவானாலும் ஜெர்மனியின் ஹம் நகரப் பக்கத்துத் தமிழருக்கு அவள்தான் சமையல். வெங்காயம் வெட்ட வந்த பெண்களை, "தடிப்பாய் வெட்டுறியள், விடுங்கோ பிள்ளையள்" என்று கலைத்துவிட்டுத் தானே வெட்டுவாள். எல்லாம் முடிந்து யாராவது கையில் ஓர் உறையைத் திணித்தால், சாமான் வாங்கிய காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கூலி என்று வாய்திறந்து கேட்டதே கிடையாது. கேட்டால் நாக்கு அழுகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

கணவர் ஜேசுரட்ணம் காலமான பிறகு அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் அரைநேர வேலை. சம்பளம் போதாததற்கு நகரசபை கொடுக்கும் வோன்கெல்ட், அதாவது வீட்டு வாடகைக்கான உதவிப்பணம். அது வந்தபடியால்தான் அவளும், பல்வைத்தியரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த மகள் யூலியாவும், அந்தப் பெரிய அடுப்படி உள்ள வீட்டில் இருக்க முடிந்தது.

வினை முகநூலில் வந்தது. தங்கை மகன் டெனிஸ்டன் தன் பிள்ளையின் முதல்நன்மைக்கு நன்றி சொல்லப் புறப்பட்டான். நம்மவர்கள் நன்றி சொல்லத் தொடங்கினால் அளவுகணக்கு இருக்காதே! மண்டபம் சோடித்தவர், படம் எடுத்தவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு பட்டம் கொடுத்தான். பெரியம்மாவுக்குக் கொடுத்த பட்டம் ‘பேர்பெச்சுவா கேட்டரிங்’. அகப்பையோடு அவள் நிற்கும் படம், கீழே தொலைபேசி இலக்கம். அன்பு தலைக்கேறி, அதை ஜெர்மனிலும் எழுதி ஊர்ப் பொதுப்பக்கத்தில் போட்டுவிட்டான்.

கொஞ்ச நாளில், அதைக் கண்ட நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. பதியாமல் வியாபாரம் நடத்துகிறாள், வருமானத்தை மறைத்திருக்கிறாள், ஆகவே வோன்கெல்ட் நிறுத்தம்.

"மாதாவே, நான் களவெடுத்தனானோ?" என்று பேர்பெச்சுவா கதிரையில் குந்திவிட்டாள். வாடகை கட்டமுடியாமல் வீட்டைவிட்டு எழும்பவேண்டி வருமே என்று பயந்தாள். ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட டெனிஸ்டனிடம், "வாயை மூடிக்கொண்டு திண்டிட்டுப் போயிருக்கலாம்தானே?" என்று பொரிந்துவிட்டு, அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டாள்.

யூலியாதான் தைரியம் சொன்னாள். "பயப்பிடாதேங்கோ அம்மா. விடர்ஸ்புறுக் போடுவம்." முடிவை ஏற்கமாட்டோம் என்று முறைப்படி எழுதிக் கொடுப்பதற்கு அதுதான் பெயர். எழுதிக் கொடுத்தார்கள். நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது.

அன்றைக்கு அவள் கையால் சாப்பிட்ட பாதிச் சனம் நகரசபை நடைவழியில் நின்றது. செல்வராசா அண்ணை உள்ளே போய் ஜெர்மனில் தொடங்கி, உணர்ச்சி வந்து தமிழில் முடித்தார். "என்ர மனுசியின்ர செத்தவீட்டுக்குச் சமைச்சவ. காசு குடுக்கப் போன என்னைப் பேசிக் கலைச்சவ!" யூலியா மொழிபெயர்த்தாள். மஞ்சள் கண்ணாடி போட்ட அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேர்பெச்சுவாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவு வேலைக்கும் ஏன் நீங்கள் காசு வாங்குவதில்லை?"

பேர்பெச்சுவா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அந்தக் கேள்வி வீடுவரைக்கும் கூடவே வந்தது.

முடிவு வந்த அன்று யூலியா கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் ஆடினாள். "வெண்டிட்டம் அம்மா! நிப்பாட்டின காசும் சேர்ந்து வருது!"

"மாதாவுக்கு நன்றி. என்ன எழுதியிருக்கினம், வாசி."

"உங்கட சமையல் வியாபாரமில்லையாம். சொந்த விருப்பத்துக்குச் செய்யிற பொழுதுபோக்காம். தொழில்முறையா ஒண்டும் இல்லையாம்."

பேர்பெச்சுவாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "திரும்ப வாசி."

யூலியா வாசித்தாள்.

"பொழுதுபோக்கோ? நானூறு பேருக்குச் சோறு குழையாமல் இறக்கிறது பொழுதுபோக்கோ? எடு பேனையை. இதுக்கும் ஒரு விடர்ஸ்புறுக் எழுது!"

"வெண்ட ஆக்கள் விடர்ஸ்புறுக் போட ஏலாது அம்மா!" யூலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நகரசபையைத் திட்டத் திட்ட, இத்தனை வருசமும் கூலி வாங்காமல் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. அதுதான் அதிகம் சுட்டது.

அடுத்த திங்கட்கிழமை, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வியாபாரம் பதியப் போனாள். நடைவழியில் மஞ்சள் கண்ணாடி அதிகாரி கண்டு திகைத்துப் போனார். "உழைத்தால் உங்கள் வோன்கெல்ட் குறையும், தெரியும்தானே?"

"குறையட்டும்," என்றாள் பேர்பெச்சுவா தன் ஜெர்மனில். "அப்போது நான் உழைக்கிறேன் என்று எழுதுவீர்கள்."

அதிகாரி சிரித்துவிட்டார். பதியும் அறைவரைக்கும் கூடவே வந்தார்.

பதிந்தாயிற்று. ஆனால் விலை சொல்லவேண்டுமே! கொலோன் நகரத்திலிருந்து பழைய சிநேகிதி கஜந்தி தன் இளைய மகளின் கலியாணத்துக்குச் சமைக்கக் கேட்டுத் தொலைபேசி எடுத்தபோது, பேர்பெச்சுவா அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"அக்கா, சாமான் காசு எவ்வளவு வரும்?"

"சாமான் காசு வேற. என்ர கூலி வேற." கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தொகையைச் சொல்லிவிட்டாள்.

சொன்ன கையோடு குறைத்துச் சொல்ல அவள் வாயெடுக்க, யூலியா பாய்ந்து வந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"நல்லகாலம் அக்கா," என்றாள் கஜந்தி. "நீங்கள் காசு வாங்கமாட்டியள் எண்டுதான் மூத்தவளின்ர கலியாணத்துக்கு உங்களைக் கேக்க வெக்கப்பட்டனான். உங்கட கைச்சாப்பாடு இல்லாமல் அவளை அனுப்பினது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்."

பேர்பெச்சுவா மகளின் கையை விலக்கினாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

"விசரி, எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டாள்.