காப்பிப் பொடிப் புருவம்

கருப்பாயிக்குப் பெயரில் இருந்த கருப்பு புருவத்தில் இல்லை. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்தில் பிறந்த நாள் முதல் அப்படித்தான். உற்றுப் பார்த்தால் பூனைமுடி நாலைந்து தெரியும். மற்றபடி கண்ணுக்கு மேலே வெறும் நெற்றி. வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் சூடு, சிரித்தால் அழகு. ஆனால் ஊர் வாய்க்கு ஒரு குறை கிடைத்தால் போதாதா? "மொட்டைப் புருவம்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

முதல்முறை பெண் பார்க்க வந்தபோது அண்ணி கண்மையை எடுத்து இரண்டு கோடு இழுத்துவிட்டாள். ஜொகூர் புழுக்கம் விளக்கெண்ணெய் மைக்கு இரக்கம் காட்டுமா? காப்பித் தட்டை நீட்டுவதற்குள் இடது புருவம் மூக்குவரை இறங்கியிருந்தது. வந்தவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து கொட்டாங்கச்சியைச் சுட்டாள். கரியை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, பூசிப் பார்த்தாள். திருஷ்டிப் பூசணிக்கு வரைந்த மாதிரி இருந்தது. அண்ணியின் புருவத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: யாருக்கும் புருவம் அட்டக் கருப்பாக இருப்பதில்லை, அடியில் ஒரு பழுப்பு ஓடுகிறது. அந்தப் பழுப்புக்குக் காப்பித் தூளை நைசாக அரைத்துக் கலந்தாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி உடனே துடைத்துவிடுவது. கோழி இறகின் நுனியால் பொடியைக் கோடாக இழுக்காமல் ஒற்றி ஒற்றி வைப்பது. மூக்குப் பக்கம் மெலிதாக, வால் பக்கம் கொஞ்சம் அழுத்தமாக. கடைசியில் விரலால் ஒரு நீவு. கண்ணாடியில் யாரோ ஒரு அழகி நின்றாள்.

இரண்டாவதாக வந்தவன் காஹாங் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் லாரி ஓட்டும் மூர்த்தி. பேச்சுக் குறைந்த ஆள். அன்று அவன் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "பொண்ணுக்குப் புருவம் அம்சமா இருக்கு."

அந்த ஒரு வாக்கியம் கருப்பாயியின் தூக்கத்தைக் கெடுத்தது. எதைப் பார்த்துக் கட்டினானோ அது டப்பாவில் அல்லவா இருக்கிறது! கல்யாணம் முடிந்து காஹாங் லயத்து வீட்டுக்கு வந்த பிறகு, பெரட்டு மணி அடித்து ஆட்கள் கூடுவதற்கு வெகு முன்பே எழுந்து, அவன் விழிப்பதற்குள் புருவம் வைத்துவிடுவாள். மழையில் முக்காடு, குளித்து வரும்போது நெற்றிவரை துண்டு. 'தெரிந்தால் விட்டுவிடுவானோ' என்ற பயம் அவளை விட்டு ஒருநாளும் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அயர்ந்து தூங்கியவள் நெற்றியில் ஏதோ ஊர்கிறதே என்று விழித்தாள். ஒரு சிற்றெறும்பு புருவத்தின் மேல் உலாத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூர்த்தி கூரையைப் பார்த்தபடி, "வூட்டுல எறும்பு ஜாஸ்தியாயிருச்சு," என்றான். எறும்பு எதற்கு வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. நல்லவேளை, கொஞ்ச நாளில் தானாக நின்றுவிட்டது.

அதே சமயத்தில் காப்பியும் கெட்டுப்போனது. சனிக்கிழமை தோறும் லாரியில் குளுவாங் போகும் மூர்த்திதான் சீனக்கடையில் காப்பித் தூள் வாங்கி வருவான். புதிதாக வந்த தூளில் பழைய மணமே இல்லை, ஒரே கசப்பு.

"என்னங்க இது, மருந்து மாதிரி?"

"இப்பல்லாம் இதுதான் கெடைக்குது."

இனிப்புக் காப்பி என்றால் உயிரை விடுகிறவன், முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போவான்.

பெண் குழந்தை பிறந்தது. சந்திரமதி என்று பெயர் வைத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் போடுவது போல அதற்கும் புருவத்தில் மை தீட்டியதால் குட்டு வெளிப்படாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முடி இறக்கிக் குளிப்பாட்டிய அன்றுதான் மாட்டிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றியதும் மை போனது. மொட்டைத் தலை, மொட்டை நெற்றி.

அடுத்த வீட்டு ராசம்மா நாலு பேருக்குக் கேட்கும்படி ஆரம்பித்தாள். "அப்பனுக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி புருவம். ஆத்தாளுக்கு எழுதி வச்ச மாதிரி. இது மட்டும் யாரு ஜாடைடீ? நம்ம ஆபீஸ் கிராணி ஐயாவுக்குத்தான் இப்படி வழவழன்னு இருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புருவத்தைக் காப்பாற்றினால் மானம் போகும். மானத்தைக் காப்பாற்றினால் புருஷன் போவானோ என்னவோ. யோசிக்கக் கருப்பாயி நிற்கவில்லை. குழந்தையைத் துடைத்த ஈரத் துண்டை எடுத்து, தன் நெற்றியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் துடைத்தாள்.

"நல்லா பாத்துக்க ராசம்மாக்கா. யாரு ஜாடைன்னு தெரிஞ்சுதா?"

ராசம்மா தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கருப்பாயிக்கு மூர்த்தியின் பக்கம் திரும்ப மட்டும் தைரியம் வரவில்லை.

அவன் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தான். நிதானமாக எழுந்து வந்து மகளின் தலையில் பூசினான். "தாயைப் போலப் பிள்ளை. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா? எனக்கு ரெண்டு வருசமா தெரியும்லா."

கூட்டம் மெல்லக் கலைந்தது. கருப்பாயி ஈரத் துண்டோடு அவன் பக்கம் திரும்பினாள். "எப்படி?"

"தூங்குறப்ப உன் நெத்தியில எறும்பு மொய்க்கும். தட்டிவிட்டுத் தட்டிவிட்டு எனக்குக் கையே வலிச்சுப் போச்சு. வெரல்ல பாத்தா காப்பி வாசம். சீனக்கடைத் தவுக்கேகிட்ட கேட்டேன். காப்பிக் கொட்டைய சீனி போட்டு வறுக்கிறதாம், அதான் எறும்பு வருதுன்னான். சீனி இல்லாம எனக்குத் தனியா வறுத்துக் குடுன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. "அப்ப ரெண்டு வருசமா நான் குடிச்ச கசப்பு?"

"நானுந்தானே குடிச்சேன்," என்றான் மூர்த்தி.

அடுத்த சனிக்கிழமை லாரியிலிருந்து இரண்டு பொட்டலங்கள் இறங்கின. சீனி போட்டு வறுத்தது அடுப்படிக்குப் போனது, போடாதது கண்ணாடிக்குப் பக்கத்தில். கருப்பாயி புருவம் வைப்பதை விடவில்லை, அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இப்போது அவன் விழித்த பிறகுதான் வைத்தாள்.

"எடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு புள்ள."

"நீங்க லாரிய நேரா ஓட்டுங்க, போதும்," என்றாள், இறகைப் பொடியில் தொட்டுக்கொண்டே.