மருதாணி விரலில் ஓட்டு மை

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம், சுங்கைப் பட்டாணியில் வேலை முடிந்து நேராக பீடோங்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து விரலுக்கும் மருதாணி அரைத்துத் தொப்பி போட்டிருந்தாள்.

“என்னக்கா, யாருக்குக் கல்யாணம்?”

“நாளைக்கு ஓட்டுப் போடப் போறேன்ல? வெறும் கையோடவா போவாங்க?” என்றாள், நான்தான் புத்தி கெட்டவள் மாதிரி.

அவள் அப்படித்தான். தீபாவளி, கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு, எதுவானாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மருதாணிச் செடி மொட்டையாகிவிடும். ஆனால் ஓட்டுக்கு மருதாணி போட்டவளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பால் வெட்டுக்குப் போகிற ஓட்டத்தில் அப்பாவும் அம்மாவும் அவள் பிறந்ததைப் பதியவே இல்லை. நான் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் தப்பித்தேன். ஒரே வயிற்றில் பிறந்தும் எனக்கு நீல அடையாள அட்டை, அவளுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரி இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், சாகலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. அலோர் ஸ்டார் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அறுபதைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு நீல அட்டை கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த முதல் தேர்தல் இது.

எனக்கோ ஓட்டுப் போடுகிற எண்ணமே இல்லை. எங்கள் தொகுதியில் நின்ற இரண்டு பேரையும் நினைத்தாலே வயிறு எரியும். ஒருத்தர் தவளை. இந்தக் கட்சியிலிருந்து அந்தக் கட்சிக்குக் குதித்து, அங்கே சரிப்படாமல் மறுபடி இங்கேயே குதித்தவர். இன்னொருத்தர் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மாலையும் புகைப்படக்காரருமாய் வருவார், அடுத்த தைப்பூசம் வரை ஆளைக் காணோம். அக்கா வீட்டுக்கு முன்னால் ஓடுகிற பெரிய வடிகாலின் மேல் ஒரு பலகைப் பாலம் உண்டு. பலகைகளில் பாதி உளுத்துவிட்டன. அதைச் சரி பண்ணித் தருவதாக இரண்டு கட்சியும் மாறி மாறிச் சொல்லியாகிவிட்டது.

“உன்னைக் கொண்டுபோய் விடறேன் அக்கா. நான் போட மாட்டேன். ரெண்டும் உருப்படாதது லா.”

அக்கா மருதாணி விரலை ஆட்டி என்னை முறைத்தாள்.

“உனக்கு ஓட்டு எப்பவுமே இருந்துச்சு, அதான் கொழுப்பு. போன தேர்தல்ல ஒருத்தன் வீடு வீடா வந்தானே, ஞாபகம் இருக்கா? கையில நாட்காட்டி குடுத்தான். பாலத்தைக் காட்டினேன். ‘ஓட்டு இருக்கா அக்கா’ன்னு கேட்டான். சிவப்பு ஐசின்னு சொன்னேன். என்ன பண்ணான் தெரியுமா? குடுத்த நாட்காட்டியைத் திருப்பி வாங்கிக்கிட்டான்! அடுத்த வீட்டுல போய்க் குடுத்தான். ஓட்டு இல்லாதவகிட்ட வந்து பொய் சொல்றதுக்குக்கூட எவனுக்கும் மனசு வராதுடி.”

நாட்காட்டிக் கதையை அவள் முன்பு சொன்னபோதெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காலை மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, செக்கச்செவேலென்று பத்து விரல். அக்கா காரில் ஏறியதும் கார் முழுக்க மருதாணி வாசனை. தமிழ்ப் பள்ளியில்தான் வாக்குச்சாவடி, என் ஓட்டும் அங்கேதான். பள்ளி வாசலில் இரண்டு கட்சிக் கூடாரங்களிலிருந்தும் ஓடிவந்து கும்பிட்டார்கள். அக்கா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, மகாராணி மாதிரி கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வயதுவாரியாக அறை பிரித்திருந்தார்கள். மூத்தவர்களுக்கு முதல் அறை. அக்கா உள்ளே போனாள், நான் வெளியே தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்றேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரப் பையன், பெயர் சரிபார்க்கிற கிராணி வேலை பார்த்தான். விரலில் மை இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும். அக்கா பெருமையாகக் கையை நீட்டினாள். பையன் விரலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி விரலைப் பார்த்தான்.

“மாக்சிக், டா உண்டி கா?”

அம்மா, ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சா என்று கேட்கிறான்! அக்காவின் முகம் சுண்டிப் போய்விட்டது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. பையன் பாவம், நல்லவன்தான், பயந்துபோய் “கொஞ்சம் ஓரமா நில்லுங்க” என்று மலாயில் சொன்னான். ஓரமாக நின்ற அக்கா சேலைத் தலைப்பில் விரலைத் துடைக்க ஆரம்பித்தாள். மருதாணி துடைத்தால் போகுமா? அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். தமிழிலும் மலாயிலும் கலந்து கத்தினேன். “ஆயுசு பூரா காத்திருந்து வந்திருக்கா! மருதாணிக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியாதா? ஓட்டுப் போடாம இவ இங்கேர்ந்து வரமாட்டா, நானும் போகமாட்டேன்!” வரிசையில் நின்ற தாத்தாக்கள் எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

சத்தம் கேட்டு அறையின் தலைமை அதிகாரி எழுந்து வந்தார். தலையில் துடோங் கட்டிய, நடுத்தர வயது மலாய் அம்மா. முதலில் என்னைக் கையமர்த்தினார். பிறகு அக்காவின் கையை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இனாய் லா இனி!”

இது மருதாணியப்பா என்று பையனிடம் சொல்லி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து விரலிலும் மை வைக்கப் பத்துத் தடவையா ஓட்டுப் போட்டார் என்று கேட்டதும் அந்தப் பையனே சிரித்துவிட்டான். பட்டியலிலும் அக்காவின் பெயர் கோடு விழாமல் அப்படியே இருந்தது. “கல்யாணம் யாருக்கு?” என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

“சாயா லா,” என்றாள் அக்கா. எனக்குத்தான்.

அறை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அக்கா உள்ளே போனாள். அதிகாரி என் பக்கம் திரும்பி, என் கையைப் பார்த்தார். ஒரு பொட்டு மை இல்லை. நீ எப்போது போடப் போகிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், ஓட்டுப் போடுகிற மறைப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட அக்கா திரும்பிப் பார்த்து, “அவ போட மாட்டாளாம். அடுத்தவங்களுக்குத்தான் கத்துவா!” என்றாள். வரிசையில் நின்ற அத்தனை தாத்தாக்களும் “ஏம்மா, ஏன்?” என்று பிடித்துக்கொண்டார்கள். மானம் போயிற்று. என் வயதுக்கான அறையைத் தேடி நடந்தேன்.

மறைப்புக்குள் இரண்டு பேரின் பெயரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் உருப்படாததுதான், அதில் மாற்றமில்லை. இரண்டில் எவன் கொஞ்சமாவது வெட்கப்படுவான் என்று யோசித்து, அவன் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். வெளியே அக்கா எனக்காக நின்றாள். சிவப்பு விரலில் மை ஏறி நகம் கறுத்திருந்தது. என் விரலைப் பிடித்துத் தன் விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பீடோங் சந்தையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாள், என்னைக் காசு எடுக்கவே விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜெயித்தது தவளை.

சில மாதங்கள் கழித்து, அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தார். இப்போது அவர் வைபி, மாண்புமிகு உறுப்பினர், எல்லோரும் எழுந்து நின்றார்கள். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, “என்னக்கா, எனக்குத்தானே போட்டீங்க?” என்று பல்லைக் காட்டினார்.

அக்கா கரண்டியை வாளியில் வைத்தாள்.

“உங்களுக்குப் போடல லா தம்பி. ஆனா போட்டேன். பாலம் எப்போ?”

பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டார். “சாப்பிட்டு வாங்க, காட்டறேன்” என்றாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் தன் கார்ப் பக்கம் நகர்ந்தார். அக்கா குறுக்கே போய் நின்றாள். வேறு வழியில்லாமல், காற்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு செம்மண் சேற்றில் அவள் பின்னால் நடந்தார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி பந்தியிலேயே நின்றேன். கொஞ்ச தூரம் போன அக்கா திரும்பிப் பார்த்து, தோட்டமே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

“அங்க என்னடி சிரிப்பு? நீயும் வா. நீயும் போட்டேல்ல?”