அம்மையா, களிம்பா?

சென்ற வருடம் பங்குனி மாதக் கடைசியில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். காலையில் பஸ் பிடித்துப் போய், சாயந்திரம் சாக்பீஸ் தூசியோடு திரும்புவேன்.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஆரம்பித்த முகப்பரு, வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. பரு உள்ளவளைப் பார்த்தால் ஊரில் எல்லாருமே டாக்டர்தான். சந்தனம் பூசு, சாதிக்காய் உரசிப் போடு, பேஸ்ட் வை, பலகாரம் தொடாதே, கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும். கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஒருநாள் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் என் கன்னத்தைத் தொட்டு, "மிஸ், வலிக்குதா?" என்று கேட்டாள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. அன்று பள்ளி விட்டதும் திண்டிவனத்திலேயே ஒரு தோல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். ரெட்டினாய்டு என்று ஒரு மருந்து, வைட்டமின் ஏ வகையாம். இரவில் மட்டும் போட வேண்டும், முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவுதான். வெயில் ஆகாது. முதல் சில வாரங்கள் சிவக்கும், தோல் உரியும், பரு அதிகமானது போலக்கூட இருக்கும், பயப்படாதே என்றார். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது என்று சொல்லி, என்னிடமும் அதைக் கேட்டுக்கொண்டார். வீட்டில் அக்கா நிறைமாதமாக இருந்ததால் அந்த ஒரு விஷயம் மட்டும் மனதில் நன்றாகப் பதிந்தது. டியூபைக் கொண்டுபோய் பீரோவின் தலைமேல் வைத்தேன்.

மற்றதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட கதைதான். இத்தனை வருடத்துப் பருவுக்கு ஒரு பட்டாணியா என்று எனக்கு அடங்கவில்லை. கோல்டு கிரீம் மாதிரி வழித்துப் பூசினேன். காலையில் குளிக்கும்போது, சிறு வயதிலிருந்து பழகியபடி, கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் முகத்துக்கு நல்லதுதானே, அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் எழுந்து வந்த என்னைப் பார்த்து அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என் முகம் சிவந்து வீங்கி, வாயோரம் தோல் உரிந்து, நெற்றி நிறையப் பொடிப் பொடியாகக் கொப்புளம். அம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, அம்மா வந்துட்டாடி!"

"அம்மாவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அந்தக் கிரீம் போட்டதால..."

"வாய மூடு. ஊட்டுக்கு வந்தவள அப்பிடிப் பேசுவாங்களா? உள்ள புள்ளத்தாச்சி படுத்துக்கினு இருக்கா."

அந்த வாரம்தான் என் வகுப்பில் ஒரு பையன் லீவு போட்டிருந்தான். அவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அவன் அம்மா போன் செய்து சொன்னதை, நானே முந்தின நாள் வீட்டில் உளறி வைத்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது போலிருந்தது.

கொஞ்ச நேரத்துக்குள் வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றுவிட்டது. என்னை முன்னறையில் பாயில் வேப்பிலை பரப்பி உட்கார வைத்து, அக்காவை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள் அம்மா. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். ஆக, வீட்டில் மூன்று பேர், இரண்டு அறை, நடுவில் ஒரு மூடிய கதவு.

அடுத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வந்து முகம் முழுக்கக் கெட்டியாக அப்பினாள். அந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தது போல முகம் பூராவும் எரிந்தது. அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே, "பயப்படாத. ஏறி நின்னுதாண்டி எறங்குவா. மொதல்ல அப்பிடித்தான் எரியும்" என்றாள்.

எனக்கு அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். முதலில் எரியும், அதிகமாகும், பயப்படாதே, பிறகு இறங்கும். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் நான் எதை எதிலிருந்து பிரிப்பது? கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பங்குனி வெயிலில் ஓட்டு வீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் உடம்பு சுடும். முதுகில் கையை விட்டுத் தடவினேன், அங்கும் நாலைந்து தட்டுப்பட்டன. ஆனால் எனக்கு முதுகில் எப்போதுமே பரு உண்டு. இவை பழைய பருவா, புதிதாக வந்த அம்மை முத்தா? அரிக்கிறதா என்று யோசித்ததும் உடம்பெல்லாம் அரித்தது.

விளையாட்டாக விட்டுவிடும் விஷயமாக அது இல்லை. அக்காவுக்கு இன்றோ நாளையோ என்ற நிலைமை. அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா என்று அம்மாவுக்கே நினைவில்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டதற்கு, அம்மைதான் என்றால் அக்கா அந்த வீட்டில் இருக்கவே கூடாது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, என்னவென்று சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். வாசலில் தொங்கிய வேப்பிலை ஊருக்குச் செய்தி சொல்லிவிட, மத்தியானத்துக்குள் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அக்காவின் மாமியார் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. காலையில காரு வரும். பொண்ண இட்டுக்கினு வந்துடுறோம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்து பார்த்த டாக்டர் இருப்பது விழுப்புரத்தில். வழியில் வலி எடுத்தால் என்ன செய்வது? தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்று அம்மா பழம்புடவைகளைக்கூடத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அக்கா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குப் போறதுக்கு இஷ்டமே இல்லடி. நீயாவது கரெக்டா சொல்லு. அம்மையா, இல்லியா?"

"தெரியலக்கா" என்றேன். அன்று முழுவதும் என்னால் சொல்ல முடிந்த ஒரே உண்மை அதுதான்.

சாயந்திரம் மருந்துச் சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். போட்டோ அனுப்பு என்றார். அனுப்பினேன். உடனே அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா இது? மஞ்சள்தான் தெரியுது. மூஞ்சி எங்க?"

"அம்மைன்னு பூசிட்டாங்க மேடம். வீட்ல அக்கா வேற நிறைமாசம். நான் நேர்ல வரட்டுமா?"

"இப்ப வராத. அம்மையா இருந்துச்சுன்னா என்ன பண்றது? இங்க கைக்குழந்தைங்க உக்காந்திருக்கு. வெறும் தண்ணியில கழுவு. வெளிச்சம் போறதுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டு சொல்றேன்."

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அம்மாவிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மை கண்டவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை ஒரு சொட்டு படக் கூடாது.

"கழுவிட்டு, நாளைக்கு உங்க அக்காவுக்கு ஒண்ணு ஆனா யாருடி பதில் சொல்றது?"

பின்பக்கம் குழாய் இருந்தது. எழுந்து போய் நானே கழுவியிருக்கலாம், யாரும் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். காலையில் 'அம்மாவும் இல்ல, ஒண்ணும் இல்ல' என்று வாய் பேசியவள்தானே நான்? ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அக்காவின் வயிற்றை நினைத்ததும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கழுவாவிட்டால் காலையில் அவளை வீணாக அனுப்ப வேண்டி வரும். கழுவிவிட்டு ஏதாவது ஆகிவிட்டால், ஆயுசுக்கும் அந்தத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அம்மா சாமி மாடத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றாள். பிறகு, "பூ கேட்டுப் பாக்குறேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் அப்படித்தான். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, ஒரே மாதிரி இரண்டு காகிதப் பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் வீட்டு மனை வாங்கியதும், அக்காவைத் திருவெண்ணெய்நல்லூரில் கொடுத்ததும் அப்படிக் கேட்டுத்தான். அம்மா தோட்டத்துப் பக்கம் போய்ப் பூவைப் பறித்து மடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பொட்டலத்தையும் அம்மன் படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். அக்காவைக் கூப்பிட்டு, என்னை மூலையில் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"வயித்துல இருக்கிற உசுரையும் சேத்து நெனச்சிக்கினு எடுடி."

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவே பிரித்தாள். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று. அம்மா கண்ணை மூடி, "உத்தரவு குடுத்துட்டா தாயி" என்றாள். குரல் நடுங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மாவே கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், சொம்பில் தண்ணீர் மொண்டு, தேய்க்காமல் ஒத்தி ஒத்திக் கழுவினாள். கழுவி முடிந்தும் நான் மஞ்சளாகத்தான் இருந்தேன், ஆனால் தோல் தெரிந்தது. இருட்டுவதற்குள் போட்டோ போயிற்று. டாக்டரம்மா உடனே கூப்பிட்டுக் கழுத்தில் இருக்கிறதா, காதுக்குப் பின்னால் இருக்கிறதா, தலைக்குள், வயிற்றில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். எங்கும் இல்லை.

"மருந்து போட்ட எடத்தோட கோடு போட்ட மாதிரி நிக்குது பாரு. அம்மை மாதிரி தெரியல. எவ்ளோ தடவினே?"

சொன்னேன். 

"அது மூஞ்சிம்மா, தோசைக்கல்லு இல்ல. மருந்தையும் நிறுத்து, மஞ்சளையும் நிறுத்து. காலையில முதல் ஆளா வா, நேர்ல பாத்தாத்தான் முடிவா சொல்லுவேன். அதுவரைக்கும் அக்கா பக்கத்துல போகாத."

சம்பந்தி வீட்டில் பேசி, காரை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தோம். காலையில் டாக்டரம்மா என் முகத்தையும் முதுகையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மை இல்லவே இல்லை, மருந்தும் மஞ்சளும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கியிருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வீட்டுக்குப் போன் செய்தேன். அக்கா அழுதாள். கார் வரவில்லை. அந்த வாரமே விழுப்புரத்தில் அவளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். டாக்டரிடம் போய்த் திரும்பிய அன்று மத்தியானம், ஊற வைப்பதற்காக அம்மா முந்தின நாள் கட்டியிருந்த புடவையை எடுத்தேன். முந்தானையில் ஒரு முடிச்சு. சில்லறையாக இருக்கும் என்று அவிழ்த்தேன். உள்ளே இருந்தது அக்கா எடுக்காமல் விட்ட அந்த இன்னொரு பொட்டலம். பிரித்துப் பார்த்தேன். அதிலும் வாடிப்போன நந்தியாவட்டைதான் இருந்தது.

எதற்கெடுத்தாலும் 'சாமி குத்தம்' என்கிறவள், வாசலில் வேப்பிலை கட்டி, சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, கூசாமல் இரண்டிலும் வெள்ளையை வைத்திருக்கிறாள். அப்படியானால் அம்மை இல்லை என்று அவளுக்கு முன்பே தோன்றியதா? அம்மைதான் என்று நம்பிக்கொண்டே இதைச் செய்தாளா? திரும்பினால், அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அந்தப் பொடவ சாயம் போவும். தனியா போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அத்தனை கூட்டத்திலும் தரையில் நெற்றி வைத்து வெகுநேரம் எழாமல் கிடந்தாள். என்னம்மா வேண்டுதல் என்றதற்கு, "சும்மாதான்" என்றாள்.

தோல் ஆறிய பிறகு டாக்டரம்மா சொன்னபடி அதே மருந்தைத் திரும்ப ஆரம்பித்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி, மஞ்சள் கிடையாது. சில மாதங்களில் பரு அடங்கியது. தழும்பு கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். இப்போதெல்லாம் அம்மா எதையாவது சாமி குத்தம் என்றால் நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தக் குத்தத்தை எங்கள் இரண்டு பேருக்காகவும் தன் தலைமேல் போட்டுக்கொண்டவளிடம், சாமியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும்?