சம்பளம் வாங்காத தேவகனி

முத்தையாபுரத்தில் செல்வின் வீட்டில் பணத்துக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. துறைமுக ஆபீஸில் செல்வின் வாங்குவது சம்பளம். அவன் மனைவி ஜெப்ஸி டீச்சர் எங்காவது மேடையில் பேசி வாங்கி வருவது மதிப்பூதியம். ஜெபம் பண்ண வரும் போதகருக்குக் கொடுப்பது காணிக்கை, தேங்காய் பறிக்கிறவனுக்குக் கூலி. தேவகனிக்கு மட்டும் கைச்செலவு.

தேவகனி செல்வினுக்குப் பெரியப்பா மகள். புருசன் விட்டுவிட்டுப் போனபின் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து வந்தவள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட செல்வினின் அம்மாவை, அதாவது அவளுடைய சித்தியை, ஏழு வருசம் பார்த்துக்கொண்டாள். புரட்டிப் படுக்க வைப்பது, பீ மூத்திரம் அள்ளுவது, மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது எல்லாம் அவள்தான். மாசம் பிறந்தால் ஜெப்ஸி பர்ஸைத் திறந்து கையில் அகப்பட்டதை எடுத்து நீட்டுவாள்.

"ஏளா, கைச்செலவுக்கு வச்சுக்கோ."

இதில் தேவகனிக்குப் பெருமை வேறு. சர்ச்சில் யாராவது சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "சம்பளமா? நான் என்ன வேலைக்காரியா? எங்க சித்தி வீட்ல இருக்கேன். அண்ணன் சோறு போடுதாவ." வீட்டுப் பிள்ளை என்ற அந்த ஒரு பேருக்காகத்தான் இடுப்பொடிய உழைத்தாள், பைத்தியக்காரி.

சித்தி செத்தாள். அடக்கம் முடிந்த மறுவாரமே ஜெப்ஸி வந்து நின்றாள். "ஏளா, இந்த ரூம பையன் படிக்கதுக்கு மாத்தணும். மாசக் கடைசிக்குள்ள நீயும் ஒரு வழியப் பாரு. எத்தன நாளைக்குத்தான் சும்மா இருப்ப?" செத்தவளின் பழைய சேலைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். செல்வின் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டவுனில் காசிலிங்கம் என்பவர், வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்தார். தங்க இடம், சாப்பாடு, கையில் சம்பளம். போக்கிடம் இல்லாதவளுக்கு வேறென்ன வேண்டும்? தேவகனி அங்கே போய் நின்றாள்.

"படுத்த படுக்கையா கெடக்கவங்களப் பாத்த பழக்கம் உண்டாம்மா?"

"ஏழு வருசம் பாத்திருக்கேன் அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்தது. அப்படிப்பட்ட ஆளுக்காக ஒரு டாக்டர் வீடே காத்திருக்கிறதாம். "வேலை பாத்த வீட்டு நம்பரக் குடுங்க. ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

அவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஜெப்ஸியின் குரல் தேனாக வந்தது. "எங்க வீட்ல வேலையா? நாங்க ஆளே வைக்கலியே அண்ணாச்சி. அத்தைய நாங்கதான் பாத்தோம். அது எங்க சொந்தக்காரப் பிள்ளை. போக்கிடம் இல்லன்னு வந்துச்சு, சோறு போட்டு வச்சிருந்தோம்."

வேலைக்காரி என்று ஒப்புக்கொண்டால், ஏழு வருசச் சம்பளத்தைக் கேட்டு வந்து நின்றுவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு. படித்தவள் அல்லவா, யோசிக்காமலா பேசுவாள்?

தேவகனி போனைப் பார்த்துக் குனிந்தாள். "மைனி, சித்திய நான்தான..."

"ஏளா, நீ அங்கனதான் இருக்கியா? நீயே சொல்லு. நாங்க உனக்குச் சம்பளமா குடுத்தோம்? உன்ன வேலைக்காரியாவா வச்சிருந்தோம்?"

காசிலிங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மைனி."

"கேட்டியளா அண்ணாச்சி? எங்க வீட்டுப் பிள்ளை. நல்ல இடமாப் பாத்து விடுங்க." போன் அடங்கியது.

காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழக்கமில்லாத ஆள டாக்டர் வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா, என் பேரு கெட்டுரும். மீன் கம்பெனில இறால் உரிக்க ஆள் கேக்காவ. நாள் கூலிதான். தங்க இடமெல்லாம் கெடயாது. போறியளா?"

ராத்திரி எங்கே படுப்பது என்று அவள் யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

"போறேன் அண்ணாச்சி" என்றாள்.