எந்தக் கையை நீட்டுவது?

அரவேணு அருகே ஓர் எஸ்டேட்டில் எங்கள் மருத்துவக் கல்லூரி முகாம் போட்டிருந்தது. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "மன அழுத்தம் உண்டா?" என்று படிவத்திலிருந்து வாசித்தேன்.

"அதுக்கு எந்தக் கையை நீட்டோணுங்க?" என்றார், ஸ்வெட்டரைச் சுருட்டியபடி.

அவர் மேல் தப்பில்லை, படிவம்தான் மக்கு. கேள்வியை அடித்துவிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா அக்கா?" என்றேன். உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்.

மாணவர் நலனுக்கென்று கல்லூரி எங்களுக்குத் தரும் படிவத்திலும் அதே கேள்விதான். வருஷா வருஷம் 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பேன். பேராசிரியரிடம் வாதாடி அதையும் மாற்ற வைத்தேன். புதுப் படிவம், "நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்று கேட்டது.

அதற்கும் 'இல்லை' என்றே எழுதினேன். இந்த முறை அது உண்மை.