கோடி அறை ஸ்டவ்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். சமையல்காரர் ஒருவர். ஹாஸ்டலில் எல்லாரும் அவரைச் சாமி என்போம். வார்டன் ஒருவர். அறைக்காரன் ஒருவன், தெற்கே பனங்காட்டிலிருந்து படிக்க வந்தவன். பக்கத்து அறைத் திருநெல்வேலிக்காரன் ஒருவன். அப்புறம் நான். விறகு பிளப்பதும் எச்சில் இலை எடுப்பதும் என் வேலை.

யுத்தத்துக்கு முந்தின சமயம். எல்லா ஜாதிப் பிள்ளைகளையும் ஹாஸ்டலில் சேர்க்கணும் என்று மேலிடத்து உத்தரவு. அப்படி வந்தவன்தான் அந்த அறைக்காரன். அப்பா பனையேறி. மாடியில் கோடி அறை கொடுத்தார்கள். கூடத் தங்க யாரும் வரவில்லை.

முதல் நாள் பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டேன். பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். அப்புறம் வரிசையே எழுந்தது. எழுந்தவர்களில் ஒருத்தன் சாம்பார் வாளியைத் தூக்கி அவன் இலையில் கவிழ்த்தான். சூடு ஆறாத சாம்பார். தொடையெல்லாம் கொட்டியது. அவன் இலையை மடித்துவிட்டுப் போனான்.

வார்டன் மலையாளத்துக்காரர். நல்லவர்தான். சண்டை என்றால் ஆகாது. "எடோ, நீ அறையிலேயே சாப்பிடு. அதல்லே நல்லது" என்றார். தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுபோனேன். கழுவித் திரும்பக் கொண்டுவந்தேன். சாமி அதைக் காலால் எத்தினார். முற்றத்தில் உருண்டது.

"அங்க போன பாத்திரம் என் அடுக்களைக்குள்ள வரப்படாது. வந்தா நான் இறங்கிப் போயிடுவேன்."

பிறகு இலையில் கட்டிக்கொண்டு போனேன். பையன்கள் மாடிப்படியில் நின்று தட்டிவிடுவார்கள். படியெல்லாம் சோறு. நான்தான் கூட்டணும். ஒரு நாள் தட்டினவன் கையைப் பிடித்து முறுக்கினேன். செவிட்டில் ஒன்று விட்டான். காது வெகுநேரம் இரைந்தது.

அவன் பட்டினி கிடந்தான். பட்டினியோடு காலேஜ் போய்வந்தான். பிறகு சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஸ்டவ் வாங்கினான். பித்தளை. பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ். கூட ஒரு பானை, ஒரு சட்டி, ஒரு அகப்பை. வேட்டிக்கு நடுவில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து மாடிக்கு ஏற்றினான். பெட்டியின் ஒரு பக்கம் நான் பிடித்தேன். அறைக்குள் நெருப்பு கூடாது என்பது ஹாஸ்டல் சட்டம். அது அவனுக்கும் தெரியும்.

"இங்க திங்க வழியில்லேன்னா ஊருக்குத்தான் போகணும், அண்ணாச்சி. போனா பனைதான்" என்றான். ஸ்டவ்வை அணைக்கவும் காட்டித் தந்தான். எண்ணெய்த் தொட்டியில் ஒரு சின்னத் திருகு. அதை விரலால் தளர்த்தினால் காற்று போய்விடும். தீ படுத்துவிடும். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் ஓடியது. ஜன்னலில் துணியைத் தொங்கவிட்டுக் கஞ்சி வைப்பான். அன்றைக்கு ஊரிலிருந்து கருவாடு வந்திருந்தது. வறுத்துவிட்டான். வாசம் கீழே பந்திக்கு வந்தது. பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தன் இலையிலேயே வாந்தி எடுத்தான். சாமி பரிமாறுகிற கரண்டியை வைத்தார். குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவினார். நான் பிளந்த புளிய விறகு. மேலே போனார். வார்டன் பின்னால் ஓடினார். நானும் போனேன்.

பக்கத்து அறைத் திருநெல்வேலிக்காரன் உள்ளே வந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "என்ன வே, விழிஞ்ஞம் கடப்புறத்தையே மாடிக்குக் கொண்டாந்துட்டீரு? வலையை எங்க காயப் போட்டிருக்கீரு?"

கருவாடு இறக்கியாகிவிட்டது. ஸ்டவ்வில் கஞ்சி கொதித்தது. அறைக்காரன் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"அணைடா" என்றார் சாமி.

"அரிசி வெந்துட்டு சாமி. ஒரு கொதிதான். அணைக்கேன்."

"எடோ, முதல்ல அணை. பின்னே பேசலாம்" என்றார் வார்டன்.

அவன் வார்டனைப் பார்த்தான். "சார், நான் எங்க வச்சுத் திங்கணும்னு சொல்லுங்க. இப்பமே அணைக்கேன்."

வார்டன் என்னைப் பார்த்து, "நீ அணைச்சுடு" என்றார். நான் குனிந்தேன்.

"நீ அதைத் தொட்டியோ, நாளைலேர்ந்து விறகு கொண்டு உள்ள வராதே" என்றார் சாமி.

என் கை நின்றது.

சாமி குளித்து மடி உடுத்தியிருந்தார். கையால் அந்த ஸ்டவ்வைத் தொட்டால் மறுபடி குளிக்கணும். கீழே பந்தி பாதியில் நிற்கிறது. அதனால்தான் விறகை ஓங்கினார். திருகைத் தளர்த்த ஒரு விரல் போதும்.

முதல் அடி பானையில். பானை உடைந்து கஞ்சி அவன் பாதத்தில் கொட்டியது. இரண்டு காலும் வெந்தது. அவன் அலறி எழுவதற்குள் அடுத்த அடி தொட்டியில். மூடி தெறித்தது. எண்ணெய் பீச்சியது. சாமி வேட்டியில் தீ பிடித்துக்கொண்டது.

திருநெல்வேலிக்காரன் சிரிப்பை விட்டுவிட்டுக் கூஜாத் தண்ணீரை ஊற்றினான். எண்ணெய்த் தீ தண்ணீர்மேல் ஏறித் தரையெல்லாம் ஓடியது. பாய் பிடித்தது. புத்தகம் பிடித்தது. திருநெல்வேலிக்காரன் வெளியே ஓடினான். வார்டன் வாசலில் நின்று ஆள் கூப்பிட்டார். நான் ஜன்னல் துணியைக் கிழித்து இழுத்தேன். கை வெந்தது.

வெந்த காலோடு அவன் கம்பளியை எடுத்துச் சாமிமேல் பாய்ந்தான். கீழே தள்ளினான். மேலே படுத்து உருட்டினான். சாமி அடியில் கிடந்து அவன் முகத்தில் குத்தினார். தோளைக் கடித்தார். அவன் விடவில்லை. தீ அணைந்த பிறகுதான் எழுந்தான். எழுந்து, கீழே கிடந்த அதே கட்டையை எடுத்து, சாமியின் முதுகில் ஓங்கி அடித்தான். நான் பிடிப்பதற்குள் இன்னொன்று. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

அணைத்தவனும் அவன்தான். அடித்தவனும் அவன்தான்.

சாயங்காலம் விசாரணை. வார்டன் என்னைக் கேட்டார்.

"அவன் சாமியை அடிச்சானா?"

"தீயை அணைச்சான் சார்."

"அது கேக்கலை. அடிச்சானா?"

"அடிச்சான்."

அவனை நீக்கிவிட்டார்கள். காலில் தேங்காயெண்ணெய் தடவி வாழையிலை சுற்றிக் கட்டினேன். நடக்க முடியவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு போய் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றினேன். "பரீட்சை எழுத விடுவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டான். பஸ் புறப்பட்டுவிட்டது.

சாமி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிராமணர்கள் குடியிருக்கும் கோட்டைத் தெருக்களில் வார்டன் வேறு சமையல்காரர் தேடினார். ஒருத்தரும் வரவில்லை. அங்கே போனால் அடி விழும், தீட்டும் சேரும் என்று பேச்சு. அடுப்பு எரியவில்லை. பரீட்சை நெருங்கியது. பையன்கள் காப்பிக் கடையிலும் பழக்கடையிலும் சண்டை போட்டார்கள். பசியில் ஒருத்தன் மண்டை உடைந்தது.

வார்டன் பலகையில் எழுதிப் போட்டார். சமையல்காரர் வரும்வரை அறையில் ஸ்டவ் வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினார்கள். மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது. எத்தனை ஸ்டவ் என்று எண்ணிவரச் சொன்னார் வார்டன். மேலும் கீழும் போய் எண்ணினேன்.

பத்தொன்பது.