மாமாவின் மணிக்கட்டுக் கயிறு

என் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் ஒரு துண்டுக் கயிறு கிடக்கிறது. ஒரு முனையில் மணிக்கட்டு நுழையும் அளவுக்குச் சுருக்கு. "இந்தக் குப்பையை எதுக்கம்மா வச்சிருக்க?" என்று மகள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். போடி, உன் சோலியைப் பார் என்பேன். அது என் மாமாவின் கயிறு. அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன் அவர்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் சங்கு குளிக்கப் போவார்கள். தோணியில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். அக்கா தங்கச்சி தாலி தன் கையில் இருக்கையில் எவனும் அசரமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே மூச்சு முட்டியதும் அப்பா கயிற்றை இழுப்பார், மாமா மேலே தூக்கிவிடுவார். ஒரு நாள் வெறும் கயிறுதான் வந்தது. உடலும் கிடைக்கவில்லை.

"மச்சான் இழுக்கவே இல்லயே" என்று கேட்டவர்களிடமெல்லாம் மாமா சொன்னார். நாலைந்து நாளில் அந்தப் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. "சாவுதவன்னா இழுத்திருப்பாம்லா? இழுக்கலன்னா உசிரோடதான இருக்கான்!" கீழே வலம்புரிச் சங்கு தேடிக்கொண்டிருக்கிறானாம், கிடைத்ததும் இழுப்பானாம். கயிற்றின் ஒரு முனையில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டுவிட்டு, மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். தெருவே சிரித்தது. ஏழு வயதான எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

மாதா கோயிலில் அப்பாவுக்கு வைக்கும் முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள். பூசை முடிந்ததும் அம்மா தாலியைக் கழற்ற வேண்டும். மத்தியானம் மாமாவைச் சாப்பிடக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். எத்தனை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. எனக்குக் கோபமான கோபம். கரையோரம் மிதந்த வள்ளத்தின் மறைவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"இழுத்துட்டான்! எம் மச்சான் இழுத்துட்டான்!"

ஐயோ, அந்தக் குரல்! பயத்தில் வள்ளத்தோடு ஒட்டிக்கொண்டேன் நான். மாமா இழுத்துப் பார்த்தார், கல்தான் வந்தது. அதைப் பொருட்படுத்தாமல் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். "உசிரோட இருக்கவனுக்கா ஏளா பூசை வைக்கப் போற?" அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள். "சரிண்ணே, வைக்கல. நீ சாப்பிடு" என்றாள்.

ஒன்பது வருஷம் தாலியோடு இருந்தாள். ஊர் பேசாத பேச்சில்லை. மாமா தினமும் கரைக்குப் போனார், மத்தியானம் சாப்பிட வந்தார். என் குறும்பை நம்பித்தான் அம்மா காத்திருக்கிறாள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அம்மா தானாகவே தாலியைக் கழற்றி மாதா படத்தின் முன் வைத்தாள். "சாமியார்ட்ட சொல்லி ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பூசை வைக்கணும்" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு இழுத்தது நான்தான் என்று சொல்லி அழுதேன்.

"தெரியும்ளா. இடுப்பு வரைக்கும் நனஞ்சுல்லா வந்து நின்ன" என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "ஒங்கப்பா செத்துட்டாருன்னு நான் ஒத்துக்கிட்டிருந்தா, கயித்தப் பிடிச்ச நீதான் கொன்னன்னு அண்ணங்கிட்ட சொன்ன மாதிரில்லா ஆயிருக்கும்."

பிறகுதான் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, முதல் தடவையாக.

வருஷத்துக்கொரு முறை அந்தக் கயிற்றை எடுத்து வெயிலில் போட்டு, மறுபடி அடித்தட்டில் வைத்துவிடுவேன். சுருக்குக்குள் கையை மட்டும் இதுவரை நான் விட்டுப் பார்த்ததில்லை.